சிப்பி நண்டு மேசை மாறிய வாரம்

மாமல்லபுரத்தில் சாருலதா ஏறும்போது வேனின் எட்டு இருக்கைகளும் காலியாக இருக்கும். டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் இருக்கையில் போய் உட்காருவாள். சதுரங்கப்பட்டினம் வந்ததும் தானாகவே எழுந்து பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துவிடுவாள். அங்கே கீர்த்தனா ஏறுவாள்.

"காத்து மூஞ்சில அடிக்கலன்னா எனக்கு வாந்தி வந்துடும்டி" என்று கீர்த்தனா எப்போதோ ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. டிரைவர் ரமேஷ் மாமல்லபுரத்தில் ஒரு தடவை ஹாரன் அடித்தார். சதுரங்கப்பட்டினத்தில் இரண்டு தடவை அடித்தார். சாருலதா அதையும் கவனித்தாள். இப்போதெல்லாம் இப்படிப்பட்டவைதான் அவள் கண்ணில் படுகின்றன.

"இன்னா அண்ணாத்த, நேத்து வண்டிய அந்த ஓட்டு ஓட்டுன? திருக்கழுக்குன்றம் திருப்பத்துல என் டிபன் பாக்ஸ் பறந்துகினு போச்சு" என்றபடி கீர்த்தனா ஏறினாள்.

"டிபன் பாக்ஸ் தானம்மா, நீ பறக்கல இல்ல?" என்றார் ரமேஷ். இருவரும் சிரித்தார்கள்.

சாருலதாவிடம் ரமேஷ் ஆறு வருடமாக "குட்மார்னிங் மேடம்" என்று மட்டும்தான் சொல்லிவருகிறார்.

இருவருக்கும் முப்பத்து நான்கு வயது. செங்கல்பட்டை ஒட்டிய தொழில்பூங்காவில் இருக்கும் அந்தக் கம்பெனியில் 2017-இல் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அடையாள அட்டை எண்கூட அடுத்தடுத்ததுதான். இடையில் கீர்த்தனா இரண்டு வருடம் பெங்களூருக்குப் போய் வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் மேலாளர் சிவராமை "சிவராம்" என்று பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். சாருலதாவால் இன்றுவரை "சார்" என்ற சொல்லை விட முடியவில்லை. வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு தடவை "சிவராம், ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

அவர்கள் எழுதும் மென்பொருளின் பெயர் 'தங்கல்'. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ரிசார்ட்டுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அறை பதிவு செய்து தருவது. அதில் யார் ஒரு வரியை மாற்றினாலும், முந்நூற்று நாற்பது தானியங்கி டெஸ்டுகள் ஓடி அது சரிதானா என்று பார்க்கும். ஒரு டெஸ்ட் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்க்கும். இரண்டாம் ஆளுக்கு 'இல்லை' என்று பதில் வர வேண்டும். இன்னொன்று முகூர்த்தத்துக்கு முதல் நாள் மண்டபத்தை ரத்து செய்து பார்க்கும். இதற்கெல்லாம் ஒரு டேட்டாபேஸ் வேண்டும். உண்மையானதில் கை வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் கன்டெய்னர் என்ற ஒரு தனிப் பெட்டிக்குள் புத்தம்புதிதாக ஒரு டேட்டாபேஸ் சர்வர் எழுந்து நிற்கும். டெஸ்டுகள் அதில் எழுதும், அழிக்கும். வேலை முடிந்ததும், சாப்பிட்டு எறிகிற பாக்குமட்டைத் தட்டு மாதிரி பெட்டியோடு தூக்கி எறியப்படும்.

இந்த ஏற்பாட்டை 2019-இல் முதலிலிருந்து கட்டியவள் சாருலதா. ஆபீசில் அதற்கு 'சாருவோட டெஸ்ட்' என்றே பெயர்.

இன்னொரு வழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள சிப்பிக் கடையில் ஒரு நண்டு வாங்கி வந்தாள். முழுக்கச் சிப்பியால் ஒட்டியது. கண்களுக்கு இரண்டு சோழி. யாருடைய மாற்றத்தால் டெஸ்ட் உடைகிறதோ அவர் மேசையில் அந்த நண்டு உட்காரும். அடுத்த ஆள் உடைக்கும்வரை அங்கேதான் இருக்கும். ஆறு வருடத்தில் நண்டு ஏறாத மேசை சாருலதாவுடையது ஒன்றுதான். கீர்த்தனாவின் மேசையில் பதினோரு தடவை உட்கார்ந்திருக்கிறது. சாருலதா எண்ணி வைத்திருந்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் டெஸ்டுகளை ஓட்டுவதற்கு வேகமான புது மெஷின் வந்தது. அன்றிலிருந்து தொல்லை தொடங்கியது. ஒருநாள் நாற்பத்தேழு டெஸ்டுகள் தோற்றுச் சிவப்பாகும். மறுநாள் பன்னிரண்டு. அதற்கு அடுத்த நாள் அறுபத்தொன்று. நேற்று விழுந்தது இன்று ஓடும், நேற்று ஓடியது இன்று விழும். எல்லாவற்றிலும் ஒரே புகார்தான்: டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது. யார் குற்றம் என்று சொல்ல முடியாததால், முதன்முறையாக நண்டு மேசை எதுவுமில்லாமல் அலமாரி மேல் கிடந்தது. வேறு வழி தெரியாமல் எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். சிவப்பு வந்தால் "இன்னொரு தபா ஓட்டு". மூன்றாவதோ நான்காவதோ ஓட்டத்தில் பச்சை வரும். வந்த நொடியில் அவரவர் மாற்றத்தை உள்ளே தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சிவராம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

"பொங்கல் லீவு புக்கிங் திங்கட்கிழமை திறக்குது. நாலு தடவை ஓட்டி ஒரு தடவை பச்சை வர்றத நம்பி நான் அதைத் திறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் வேணும். அப்புறம், புது டீமுக்கு லீடு யாருன்னும் வெள்ளிக்கிழமையே சொல்லிடறேன்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்று சாருலதா எடுத்துக்கொண்டாள். காரணத்தைக் கண்டுபிடிப்பவரே லீடு. அது தன் டெஸ்ட், தன் பெட்டி, தன் ஆறு வருடம். வேறு யார் கண்டுபிடிக்க முடியும்?

கூட்டம் கலையும் முன்பே கீர்த்தனா எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போய்விட்டாள். நான்கு பெட்டிகள் வரைந்தாள். பழைய மெஷினில் டெஸ்டுகள் ஒவ்வொரு தொகுதியாக வரிசையில் ஓடும், புதியதில் நான்கு தொகுதிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று எழுதினாள். அம்புக்குறி போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். அவள் வரைவதைப் பார்க்க இரண்டு பேர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். மதியம் ஐந்து பேர் ஆனார்கள்.

"நெட்வொர்க்கா இருக்குமோ?" என்று ஒருவன் கேட்டான்.

"இருக்கலாம். இல்லன்னா நாலு பொட்டியும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுகினு கீதோ இன்னாவோ. தெரியலப்பா. பாப்போம்" என்றாள் கீர்த்தனா.

'தெரியல' என்பதை அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்று சாருலதா தன் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்லியே ஐந்து பேரைச் சேர்த்துவிட்டாள். தெரிந்தவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டில் கீர்த்தனாவின் நெத்திலிக் குழம்பைச் சுற்றிக் கூட்டம். சாருலதாவின் எலுமிச்சை சாதம் அவளுடனேயே முடிந்தது.

புதன்கிழமை காலை ஆபீசுக்கு வந்ததும் சாருலதா ஒரு காரியம் செய்தாள். மென்பொருள் நிரலில், அவர்கள் பேச்சில் கோடில், எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்ற வரலாறு முழுக்கப் பதிவாகியிருக்கும். பெட்டியைத் தொடங்கும் கோப்பை எடுத்து வரிவரியாகப் பெயர்களைப் பார்த்தாள். எங்காவது கீர்த்தனா என்று இருக்கும். பெங்களூரிலிருந்து திரும்பி வந்த புதிதில் இந்தக் கோப்பை அவள் தொட்டது சாருலதாவுக்கு நினைவிருந்தது. அவள் எதையோ கெடுத்திருப்பாள்; அதுதான் இப்போது வெடிக்கிறது. அந்தப் பெயரும் தேதியும் கிடைத்தால் போதும். காரணமும் கிடைக்கும், நண்டு பன்னிரண்டாவது தடவையாகப் போய் உட்கார மேசையும் கிடைக்கும்.

கீர்த்தனாவின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றும் நல்ல வரிகள்.

நாற்பத்து இரண்டாவது வரியில் கண் நின்றது. பெட்டிக்குள் சர்வர் எழுந்ததும் 'இணைப்புக்குத் தயார்' என்று ஒரு செய்தி எழுதும். அந்தச் செய்தி ஒரு தடவை வந்தவுடன் டெஸ்டுகளைத் தொடங்கு என்றது அந்த வரி. அதன் ஓரத்தில் ஒரு எண்: 1.

சாருலதா பெட்டியின் பதிவுகளைத் திறந்து மெதுவாகப் படித்தாள். 'தயார்' என்ற செய்தி இரண்டு தடவை வந்திருந்தது. முதல் தயாருக்கும் இரண்டாவதற்கும் நடுவில் சர்வர் ஒருமுறை மூடித் திறந்திருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கி, உள்ளே பெருக்கி, சரக்கை அடுக்கிவிட்டு, ஷட்டரை மறுபடி இறக்குவார். அப்புறம்தான் வியாபாரத்துக்குத் திறப்பார். முதல் தடவை ஷட்டர் தூக்கியதைப் பார்த்து உள்ளே ஓடுகிறவர்களைப் பிடித்து வெளியே தள்ளுவார். டெஸ்டுகளுக்கு நடந்தது இதுதான். பழைய மெஷினில் டெஸ்டுகள் கிளம்பவே நேரம் ஆனதால், அவை போய்ச் சேரும்போது கடை இரண்டாம் தடவை திறந்திருந்தது. புது மெஷின் வேகமானது. நான்கு தொகுதிகளும் முந்தி ஓடிப் பாதியில் மாட்டிக்கொள்கின்றன.

1 என்பதை 2 ஆக்க வேண்டும். அவ்வளவுதான்.

வரியின் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. சாருலதா. 14 மார்ச் 2019.

அவள் அந்தப் பெயரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைப் பக்கம் கீர்த்தனா எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தன்னைப் பற்றி இல்லை என்று தெரிந்தும் முதுகு கூசியது. தனியாக அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால் எல்லோரும் திறந்து பார்ப்பார்கள். திரையில் சிவப்பில் நீக்கிய பழைய வரி, பச்சையில் சேர்த்த புது வரி, ஓரத்தில் பழையதை எழுதியவள் பெயர். ஒரு மாதமாக ஆபீசே தலையைப் பிய்த்துக்கொண்டதற்குக் காரணம் சாருவோட டெஸ்டில் சாருவோட எழுத்து. நண்டு வந்து உட்காரும். கீர்த்தனா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இப்போதே காதில் கேட்டது.

அன்று மாலை வேனில் கீர்த்தனா ஜன்னலில் தலை சாய்த்தபடி கேட்டாள்: "உனக்கு எதுனா தோணுதாடி? நீ கட்டுனது தானே அது."

"இன்னும் பாக்கல" என்றாள் சாருலதா.

வியாழக்கிழமை மதியம் அவளுக்கு வழி தெரிந்தது. கோடை அழகுபடுத்தும் ஒரு கருவி உண்டு. ஓட்டினால் எல்லாக் கோப்புகளிலும் இடைவெளிகள், அடைப்புக்குறிகள், வரி அமைப்பு எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். நெடுநாளாகச் செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த வேலைதான். சாருலதா அதைத் தன் லேப்டாப்பில் ஓட்டினாள். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள், பதினோராயிரம் வரிகள் மாறின. நடுவில் ஒரு கோப்பில் 1 என்பது 2 ஆயிற்று. வைக்கோல் போருக்குள் ஊசியைக் குத்திவைத்த மாதிரி. தன் லேப்டாப்பில் எல்லா டெஸ்டுகளையும் ஓட்டிப் பார்த்தாள். முந்நூற்று நாற்பதும் பச்சை. 'கோடு ஒழுங்கு' என்று தலைப்பிட்டு அனுப்பினாள்.

இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். கீர்த்தனா சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சிவராமிடம் போனாள்.

"ஃபார்மேட்டிங் மட்டும்தானே?"

"ஆமா சார்."

அவர் போனிலேயே ஒப்புதலைத் தட்டினார். ஒரு கோப்பைக்கூடத் திறக்கவில்லை. இன்று மாலை டெஸ்டுகள் பச்சையாகிவிடும், நாளையும் பச்சையாக இருக்கும், அப்போது "நானும் கொஞ்சம் சரி பண்ணேன்" என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டபடி சாருலதா இருக்கைக்கு வந்தாள். பலகையில் கீர்த்தனாவின் பெட்டிகளும் அம்புகளும் அப்படியே இருந்தன. நாளைக்கு யாரோ துணியால் துடைப்பார்கள். அந்த நினைப்பு இனித்தது.

பதினேழு நிமிடம் கழித்துச் சுவரில் தொங்கும் பெரிய திரை சிவந்தது. நாற்பத்தேழு இல்லை, அறுபத்தொன்று இல்லை. முந்நூற்று நாற்பதில் முந்நூற்று நாற்பது.

"அடேங்கப்பா, யாருப்பா அது புண்ணியவான்?" என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது.

யாரோ மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் முந்நூற்று நாற்பது. இந்த முறை யாருடைய மாற்றம் என்பதில் சந்தேகமே இல்லை. திரையில் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நண்டை அலமாரியிலிருந்து எடுத்தவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு வழக்கம் வழக்கம்தான் என்று சாருலதாவின் மேசையில் கொண்டுவந்து வைத்தான். யாரோ கை தட்டினார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சோழிக் கண்கள் இரண்டும் அவளையே பார்த்தன.

"என் மெஷின்ல ஓடிச்சு" என்றாள். இந்தத் தொழிலில் யார் சொன்னாலும் எல்லோரும் சிரிக்கிற வாக்கியம் அது. சிரித்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்த கீர்த்தனா சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாருலதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியின் பதிவைத் திறந்தாள். டேட்டாபேஸில் அட்டவணைகளைப் போட்டுவைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கோப்பு உண்டு. அது இல்லை என்று புலம்பிவிட்டுப் பெட்டி செத்துப்போயிருந்தது.

"கீதே? கண்ணு முன்னாடி கீது ஃபைலு. இல்லன்னு சொல்லுது." கீர்த்தனா நகத்தைக் கடித்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள். "உன் லேப்டாப்பு விண்டோஸ்தானே?"

"ஆமா."

"அப்போ வரி முடியுற இடத்துல கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒண்ணு சேத்து வுட்டிருக்கும், உன் அழகு பண்ற மெஷினு. நமக்குத் தெரியாது. ஸ்கிரிப்டோட மொதல் வரில அத்த ஓட்டற புரோகிராம் பேரு கீது; அதோட வாலுல அந்த எழுத்து ஒட்டிகினா, பொட்டிக்குள்ள கீற லினக்ஸுக்கு அது வேற பேரு. அந்தப் பேருல ஆளத் தேடிகினு போயி, இல்லன்னுட்டு வந்துடும்."

"எனக்கு ஓடிச்சே."

"உன் லேப்டாப்புல நேத்து கட்டி வெச்ச பழைய பொட்டியே ஓடியிருக்கும். இங்கதான் ஒவ்வொரு தபாவும் புதுசா கட்டுது."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாருலதாவுக்கு உள்ளே ஏதோ எரிந்தது. தவறு செய்ததைவிட, அதை இவள் இத்தனை லேசாக, குழம்பில் உப்பு பார்ப்பதுபோல, கண்டுபிடித்துவிட்டதுதான் தாங்கவில்லை.

"மத்த ஃபைலுங்களையும் ஒரு பார்வை பாத்துடலாம்" என்று கீர்த்தனா பட்டியலை ஓட்டினாள். ஒவ்வொன்றாக. இருநூற்றுப் பதினான்கும். நூற்றைம்பதாவதோ என்னவோ, விரல் நின்றது. அவள் திரையைப் பார்த்தாள். சாருலதாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றாள்.

டீ மெஷினுக்குப் போகவில்லை. மாடிப்படியில் நின்றார்கள்.

"இன்னாடி இது? பதினோராயிரம் வரி. நடுவுல ஒரே ஒரு நம்பரு மாறிக்கீது. ஒண்ணு ரெண்டாயிருக்கு."

சாருலதா கீழ்ப்படியைப் பார்த்தாள்.

"நானு மூணு நாளா இத்தத்தான் தேடிகினு கீறேன். போர்டுல கோழிக் கிறுக்கல் கிறுக்கிகினு. நீ பாத்துகினே இருந்த."

"நேத்துதான் தெரிஞ்சது."

"நேத்து வண்டில கேட்டேனே."

"சொன்னா நீ சிரிப்ப."

"ஆமா, சிரிப்பேன். அதுக்கு இன்னா இப்ப? பதினோரு தபா எம்மேசல நண்டு குந்திச்சு, நீ சிரிக்கல? மொத்த ஆபீசும் சிரிச்சுது. நான் செத்தா போய்ட்டேன்?"

"உனக்கென்ன. நீ எதைச் செஞ்சாலும் அஞ்சு பேர் நாற்காலி போட்டுகிட்டு வர்றாங்க. எனக்கு அந்த டெஸ்ட் ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் தப்பா எழுதியிருக்கேன்னா..."

கீர்த்தனா படியில் உட்கார்ந்தாள்.

"தோ பாரு. லீடு எனக்கு வோணும். செவ்வாக்கெழமையே சிவராமாண்ட போயி நேராவே கேட்டுட்டேன். நீ கேட்டியா?"

"கேக்கணுமா?"

"பின்ன? ஆறு வருஷமா அவங்களா பாத்து குடுப்பாங்கன்னு குந்திகினு கீற. வாயத் தொறந்து கேக்காதவளுக்கு வோணுமா வோணாமான்னு அவருக்கு எப்டித் தெரியும்?"

இதில் பரிவு எதுவும் இல்லை என்பதைச் சாருலதா கவனித்தாள். கீர்த்தனா கோபமாகத்தான் இருந்தாள். அந்தக் கோபத்தோடே இருக்கைக்குத் திரும்பி, சாருலதாவின் மாற்றத்தை இரண்டாகப் பிரித்தாள். அழகுபடுத்திய பதினோராயிரம் வரிகளையும் வெளியே எடுத்தாள். அந்த ஒற்றை எண் மட்டும் உள்ளே நின்றது. பிரித்தவள் கீர்த்தனா என்றாலும், எழுதியவர் என்ற இடத்தில் சாருலதாவின் பெயரை அப்படியே விட்டாள்.

"உன் பேரையே போட்டுக்கோயேன்" என்றாள் சாருலதா.

"எதுக்கு? கண்டுபுடிச்சது நீ. எம்பேரு எதுக்கு?" கீர்த்தனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. பெயரைத் திருடியிருந்தால் அவளை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

மாலையில் ஓட்டினார்கள். முந்நூற்று நாற்பதும் பச்சை. வெள்ளிக்கிழமை காலைக்குள் இருபது தடவை அடுத்தடுத்து ஓட்டினார்கள். இருபதும் பச்சை. இருபதாவது தடவை பச்சை வந்தபோது பின் வரிசைக்காரன் எழுந்து நின்று கும்பிட்டான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சிவராம் கேட்டார்: "சரி, காரணம் என்ன? யார் சொல்றது?"

"சாரு சொல்லுவா" என்றாள் கீர்த்தனா.

பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். சாருலதா நண்டைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேசையில் விட்டுவர மனமில்லை. 'டைமிங் பிரச்சினை, புது மெஷின் வேகம்' என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். அதுவும் பொய்யாகாது. எதிரே கீர்த்தனா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்திருந்தாள்.

"சர்வர் ரெண்டு தடவை தயார்னு சொல்லும். முதல் தடவை அதோட சொந்த வேலைக்கு. ரெண்டாவதுதான் நமக்கு. முதல் தயாரை நம்பி அந்த வரியை எழுதினது நான்தான். 2019-ல." மூச்சு விட்டாள். "அது வெளிய தெரியக்கூடாதுன்னுதான் நேத்து ஃபார்மேட்டிங்க்குள்ள மறைச்சு அனுப்பினேன். மொத்தமும் விழுந்ததுக்கு அதுதான் காரணம்."



"2019-ல நம்ம பழைய மெஷினுக்கு அது போதுமே" என்றார் சிவராம். "மறைச்சு அனுப்பினது தப்பு. பாக்காம ஒப்புதல் குடுத்தது என் தப்பு. இனிமே அழகு பண்றது தனி, வேலை தனி. சரி, அடுத்தது."

அவ்வளவுதான். பத்து நொடி. பதினோராயிரம் வரிகளைப் போட்டு மூடியதை அவர் பத்து நொடியில் தாண்டிப் போய்விட்டார். சாருலதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தன் பெரிய அவமானத்துக்கு இந்த அறையில் இவ்வளவுதான் இடமா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்தது லீடு. சிவராம் கீர்த்தனாவின் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். சாருலதாவும் தட்டினாள், மடியில் நண்டை வைத்துக்கொண்டு. கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்து மற்றவர்களுக்கு முன்பாக நிறுத்தினாள்.

மாலையில் சாருலதா நண்டையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். ரமேஷுக்கும் சேதி தெரிந்திருந்தது.

"லீடு மேடம், ட்ரீட்டு எப்போ?"

"திங்கக்கெழம புக்கிங் தொறக்கட்டும் அண்ணாத்த. எதுனா உடஞ்சா ட்ரீட்டு இல்ல, ஒப்பாரிதான்."

செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் கீர்த்தனா தூங்கிவிட்டாள். திருக்கழுக்குன்றத்தில் மற்றவர்கள் இறங்கியதும் வண்டி திரும்பிய வேகத்தில் அவள் தலை சாருலதாவின் தோளில் வந்து விழுந்தது. எண்ணெய் வைத்த தலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று இரவாகச் சாருலதா சரியாகத் தூங்கவில்லை. இவள் தூக்கம் தோளில் கனமாக, சூடாக இருந்தது. உதறிவிடலாமா என்று நினைத்தாள். உதறவில்லை. கல்பாக்கம் வரை அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தாள்.

சதுரங்கப்பட்டினத்தில் தோளைக் குலுக்கி எழுப்பினாள்.

"கீத்து. எறங்கு."

கீர்த்தனா கண்ணைக் கசக்கிக்கொண்டு பையைத் தேடினாள். அவள் படியில் கால் வைக்கும்போது சாருலதா சொன்னாள், தான் நினைத்ததைவிடச் சத்தமாக: "லீடு எனக்கும் வேணும்."

கீர்த்தனா திரும்பினாள்.

"இப்ப இல்ல. அடுத்த டீம் வரும்போது. நான் போய்க் கேப்பேன். சிவராம்கிட்ட. உன்னைப் பத்திக் கேட்டார்னா உன்னைவிட எனக்கு அந்த டெஸ்ட் நல்லாத் தெரியும்னு சொல்லுவேன்."

"சொல்லு. நானும் வுட்டுக்குடுக்க மாட்டேன், சொல்ட்டேன்." கீர்த்தனா கொட்டாவி விட்டாள். "நண்ட பத்திரமா வெச்சிக்க. திங்கக்கெழம எவன் உடைக்கிறானோ."

"நீதான் உடைப்ப."

"உடைச்சாலும் உடைப்பேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். ரமேஷ் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

வண்டி கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பியது. தினமும் செய்வதுபோல் சாருலதா ஜன்னல் இருக்கைக்கு நகர்ந்தாள். இருக்கையில் இன்னும் சூடு இருந்தது. நண்டைப் பையில் போட்டால் கொடுக்கு உடையும் என்று மடியிலேயே வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே வந்த காற்று முகத்தில் அடித்தது. மாமல்லபுரம் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை கீர்த்தனா எந்தக் கோப்பைத் தொடப் போகிறாள் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.